உளுந்துக்குள் புதைத்த போன்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிவதற்கு முன்னால் விண்ணப்பங்களைச் சொல்லச் சொல்வார்கள். யாருக்கு என்ன தேவையோ எழுந்து சொல்லலாம். எங்கள் வீட்டிலிருந்து எப்போதும் என் மாமியார்தான் எழுந்திருப்பார். "மழைக்காகவும், எங்க வீட்டுல ஒரு பிள்ளைக்காகவும் ஜெபம் பண்ணிக்கோங்க" என்பார். ஒரே கடையில் வாங்க வேண்டிய இரண்டு சாமான்களைச் சொல்வது போல இருக்கும். மழைக்கு ஊரே சத்தமாக ஆமென் சொல்லும். பிள்ளை என்று வரும்போது அந்தச் சத்தம் கொஞ்சம் இறங்கிவிடும். பெண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று தலைகள் என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் பாட்டுப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொள்வேன்.

பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் கைவிட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்ற எல்லோரும் வானம் பார்த்த கரிசல்காரர்கள். அதனால் மழைக்கு ஜெபம் பண்ணுவதில் எங்கள் ஊருக்கு நல்ல பழக்கம் உண்டு. பிள்ளைக்கு ஜெபம் பண்ணுவதற்குத்தான் என்னைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

கல்யாணமான புதிதில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு திருநெல்வேலி டாக்டர், மதுரை டாக்டர், ஊசி, மாத்திரை, மறுபடி பரிசோதனை என்று வருடங்கள் போயின. ஒருநாள் மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், சாத்தூர் தாண்டும்போது, என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஏட்டி, போதும். இனி ஒன்னைய ஊசி குத்த விடமாட்டேன். பெத்தாத்தான் பிள்ளையா? தத்து எடுப்போம்" என்றார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் அதுதான் முடிவு. அன்றைக்குக் கோவில்பட்டி வரும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று பயந்து எனக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார்.

மாமியாருக்கு அதில் மனசில்லை. "யாரு பெத்ததோ, என்ன ரத்தமோ" என்று ஒரு வாரம் முனகினார். வீட்டைப் பார்க்கவும் எங்களிடம் பேசவும் சமூகப் பணியாளர் ஒருவர் வந்தார். சின்ன வயசுப் பெண். அவர், "பாட்டிக்குச் சம்மதமா?" என்று கேட்டதும் மாமியாருக்குப் பாட்டி என்ற சொல் பிடித்துப்போனது. "எனக்கென்னம்மா, வீட்டுல ஒரு சத்தம் கேட்டாப் போதும்" என்று சொல்லி, அந்தப் பெண்ணுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். அவர் போன பிறகு மறுபடி முனகத் தொடங்கினார். ஆனால் அடுத்த ஞாயிறு வழக்கம்போல எழுந்து நின்று விண்ணப்பம் சொன்னார்.

எல்லாம் பதிவாகிவிட்டது, இனிக் காத்திருக்க வேண்டியதுதான் என்றார்கள். நம் முறை வரும்போது போனுக்குச் செய்தி வரும். தத்துக்குப் பதிவு செய்த இணையதளத்துக்குள் போய்ப் பார்த்தால் பிள்ளையின் படமும் விவரமும் இருக்கும். இரண்டு நாளைக்குள் சம்மதம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் வீட்டுக்குப் போய்விடும். பதிவு செய்த அன்றைக்கு என் போன் ரிப்பேர் கடையில் கிடந்தது. அதனால் என் வீட்டுக்காரரின் நம்பரைக் கொடுத்தோம். அதைப் பற்றி அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

காத்திருப்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. கரிசலில் நாங்கள் மழை பெய்த பிறகு விதைப்பதில்லை. பெய்துவிட்டால் மண் சேறாகிவிடும், டிராக்டர் உள்ளே இறங்காது. அதனால் புரட்டாசிக் கடைசியில், மண் பொடியாகக் காய்ந்து கிடக்கும்போதே விதையைப் புழுதிக்குள் போட்டுவிடுவோம். பிறகு அது கிடக்கும். மழை வந்தால் முளைக்கும். வராவிட்டால் எறும்பு தின்னும், சூட்டில் வெந்து போகும். விதை போட்ட நிலத்துப் பக்கம் போனால் என் கால் சும்மா இருக்காது. பெருவிரலால் மண்ணைக் கிளறி ஒரு விதையை எடுத்து, நசுங்குகிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். "கிண்டிக் கிண்டிப் பாத்தா மட்டும் முளைச்சிருமா? மூடுட்டி" என்பார் என் வீட்டுக்காரர். நான் கேட்கமாட்டேன். பொறுமை என்று ஒன்றை ஆண்டவர் எனக்கு அளந்து கொடுக்கும்போது கை நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வரும் வருடத்துக்கு முந்தின இரண்டு வருடமும் மழை ஏமாற்றியது. போட்ட விதை போட்ட இடத்திலேயே போயிற்று. மூன்றாவது வருடம் எல்லோருக்கும் பயம். ஆனாலும் புரட்டாசி வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. விதை போடும் டிராக்டர் எங்கள் ஊருக்கு ஒன்றுதான். முறை வைத்துத்தான் வரும். எங்கள் முறை வருவதற்குள் ஐப்பசி பிறந்து, மேற்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. விதைத்து முடிவதற்குள் மழை வந்தால் அந்த வருடமும் போச்சு. அன்றைக்கு விடிந்ததும் மூன்று பேரும் நிலத்துக்குப் போய்விட்டோம். டிராக்டர் முன்னால் போக, பின்னால் விதை சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஓரத்து உடைமரத்தில் தொங்கவிட்டிருந்தார். போன் அந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது.

கடைசிச் சால் ஓட்டி டிராக்டர் ரோட்டில் ஏறவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. அது சும்மா தூறல் இல்லை. எடுத்த எடுப்பிலேயே வாளியால் ஊற்றுவது போல ஊற்றியது. நாங்கள் ஓடவே இல்லை. எதற்கு ஓட வேண்டும்? இரண்டு வருடம் கேட்டது வந்திருக்கிறது. என் மாமியார் நிலத்து நடுவில் நின்றுகொண்டு முந்தானையை விரித்துப் பிடித்து, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் சின்னப் பையனைப் போலச் சிரித்தார். மண் வாசனை மூக்கில் ஏறியது. செருப்பில் கரிசல் அப்பி அப்பி, ஆளுக்கு அரையடி உயரம் கூடிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வழுக்கி விழுந்து எழுந்து வீட்டுக்கு வந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். சாய்த்தால் தண்ணீர் ஒழுகியது.

"போன் போச்சுட்டி" என்றார்.

"போனாப் போகட்டும். மழை வந்திருக்குல்லா" என்றேன் நான். இதைச் சொன்னது நான்தான்.

விதைப்புக்கு வாங்கியதில் கொஞ்சம் உளுந்து மிச்சம் இருந்தது. நனைந்த போனைத் தானியத்துக்குள் போட்டுவைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். தகர டின்னில் இருந்த விதை உளுந்துக்குள் போனை ஆழமாகப் புதைத்து மூடிவைத்தேன். மாமியார் எட்டிப் பார்த்து, "இதுவும் முளைக்குமாட்டி?" என்று கேட்டார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கு மழைக்காகவே வடை சுட்டோம். கரண்ட் போய்விட்டது. என் போனும் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோனது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. கோவில்பட்டிக்குப் போகும் பாதை களியாகக் கிடந்தது. எந்த வண்டியும் போகவில்லை, எங்களுக்கும் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கல்யாண வீடு மாதிரி இருந்தது ஊர்.

பாதை காய்ந்த பிறகு என் வீட்டுக்காரர் டின்னிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனார். அது பிழைக்கவில்லை. கடைக்காரர் சிம்மை வேறு போனில் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு அவர் திரும்பி வந்து வண்டியை நிறுத்தின சத்தம் கேட்டது, ஆனால் ஆள் உள்ளே வரவில்லை. நான் வெளியே போய்ப் பார்த்தேன். வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். போனை என்னிடம் நீட்டினார்.

உங்களுக்கு ஒரு குழந்தை ஒதுக்கப்பட்டிருக்கிறது, இரண்டு நாளைக்குள் பார்த்துச் சம்மதம் சொல்லுங்கள் என்று செய்தி வந்திருந்தது. நாங்கள் விதைத்துக்கொண்டிருந்த அன்று காலையிலேயே வந்திருந்தது. உடைமரத்தில் தொங்கிய சட்டைக்குள் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. பிறகு மழையில் நனைந்திருக்கிறது. பிறகு நான் என் கையாலேயே அதை உளுந்துக்குள் புதைத்து, மூடிபோட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றிருக்கிறேன்.

சமூகப் பணியாளருக்குப் போன் செய்தேன். "நானும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்க்கா, நீங்க எனக்குத் தந்த ரெண்டு நம்பரும் அணைஞ்சிருந்துச்சு" என்றார். அந்தப் பெண்ணின் குரலிலும் அழுகை இருந்தது. "பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போயிட்டுக்கா. ஒங்க வரிசை பின்னால போகும். ஆனா வரும்க்கா, கண்டிப்பா வரும்."

அது ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. படத்தைப் பார்ப்பதற்கான நேரம் கடந்துபோயிருந்தது.

மாமியார் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "ஆண்டவருக்குச் சித்தமில்ல போலட்டி" என்றார். எனக்கு வந்ததே கோபம். "ஒங்க ஆண்டவருக்கு வேற நாளே கிடைக்கலையா? வருசம் பூரா இருக்குல்லா! சும்மா கிடந்த நாளு எத்தனை! ரெண்டையும் ஒரே நாளுல அனுப்பிட்டு, சித்தமில்லையாம் சித்தம்!" என்று கத்தினேன். அதுவரை நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது. அவர் அடுப்படிக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் அவர் விண்ணப்பம் சொல்ல எழவில்லை.

அந்த வருடம் உளுந்து விளைந்ததைப் போல நான் அதுவரை பார்த்ததில்லை. இடைவெளி தெரியாமல் பச்சை விரிப்பு விரித்தது போலக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் கோபத்துக்காகக் களை காத்திருக்காதே. போய் வெட்டத்தான் செய்தேன். குனிந்து களை வெட்டிக்கொண்டே ஆண்டவரோடு சண்டை போட்டேன். முழங்கால் போட்டு ஜெபிக்க மனசு வரவில்லை, ஆனால் களைக்கொத்தைப் பிடித்துக்கொண்டு திட்ட வந்தது. அதையும் அவர் ஜெபம் என்று கணக்கு வைத்துக்கொண்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அவ்வளவு நேரம் அதற்கு முன் நான் அவரோடு பேசினதில்லை.

அறுப்பு முடிந்ததும் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் நிலத்தில் விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுபோய் ஆலயத்தில் படைக்க வேண்டும். ஐயர் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு ஜெபம் பண்ணுவார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். நான் வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் போனேன், ஆனால் உள்ளே போகவில்லை. செருப்புகள் கிடக்கும் படியில் உட்கார்ந்துகொண்டேன். உளுந்து மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் தனியாக உள்ளே போனார்.

திரும்பி நடந்து வரும்போது அவர் கேட்டார்: "ஏட்டி, அந்தப் பிள்ள இப்ப எங்கனயோ ஒரு வீட்டுல தூங்கிக்கிட்டு இருக்கும்லா?"

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"நமக்கு அடுத்து வரிசையில நின்னவிய வீட்டுக்குத்தான போயிருக்கும். அங்கனயும் ஒரு பொம்பள ஒன்னைய மாதிரிதான கேட்டுக்கிட்டு இருந்திருப்பா. அவளுக்கு அன்னைக்குத்தான் நல்ல நாளா இருந்திருக்கும்."

"எனக்கு மட்டும் ஏன் கெட்ட நாளா இருக்கணும்?" என்றேன்.

"தெரியலட்டி" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்ததுபோலப் பேசாததற்காகவே அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும். ஆனால் அன்று இரவு படுத்த பிறகு, முகம் தெரியாத அந்தப் பெண் என் மனசுக்குள் வந்துவிட்டாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நான் திட்டிக்கொண்டிருந்த அதே நாளுக்காக அவள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. ஆனால் அவளைத் திட்ட வாய் வரவில்லை. அதற்கடுத்த வாரம் என் மாமியாரிடம், "அத்தை, ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு விண்ணப்பம் சொல்லுங்க" என்றேன். "கத்தமாட்டியே?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன்.

அதற்குப் பிறகும் விதைப்புகள் வந்தன, போயின. ஒரு வருடம் பூச்சி தின்றது, ஒரு வருடம் சுமார். இந்தத் தடவை என் நம்பரையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து, அதற்குள் போனை வைத்து, களத்துக்கும் காட்டுக்கும் கொண்டுபோவேன். ஊரில் என்னைக் கேலி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது தை மாதம். பிடுங்கிக் காயவைத்த உளுந்துச் செடி முழுவதும் களத்தில் குவிந்து கிடந்தது. மறுநாள் அடிக்க மிஷின் சொல்லியிருந்தோம். தையில் மழை வராது என்பார்கள், ஆனால் சில வருடமாக மழைக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. மத்தியானம் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. நானும் என் வீட்டுக்காரரும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தபோது என் டப்பாவுக்குள் போன் சத்தம் கேட்டது. உடனே அவருடைய பையிலும் கேட்டது.

நான் தார்ப்பாயைக் கீழே போட்டேன்.

"வண்டிய எடுங்க. கோயில்பட்டிக்குப் போவோம்."

அவர் வானத்தைப் பார்த்தார். "ரெண்டு நாளு இருக்குட்டி. இத மூடிட்டுப் போவோம். காமணி நேர வேலை."

"ரெண்டு நாளா? போன தடவையும் ரெண்டு நாளுதான் இருந்துச்சு!"

என் மாமியார் களத்தின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். யாரு பெத்ததோ என்று முனகின அதே மாமியார். ஓடி வந்து தார்ப்பாயின் நுனியைத் தன் கையில் பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே, போலே! உளுந்து அடுத்த வருசமும் வெளையும். நான் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க!"

போனோம். அவசியமே இல்லை என்பது எனக்கும் தெரியும். நிதானமாக மூடிவிட்டு, குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டே போயிருக்கலாம். ஆனால் மேகம் திரண்டால் எங்கள் ஊரில் டவர் போய்விடும். அதைவிட, என்னால் முடியாது, அவ்வளவுதான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. டப்பாவை நெஞ்சோடு அணைத்து, அதன்மேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குள் சொட்டச் சொட்டப் போய் நின்றோம். அங்கிருந்த பெண் முதலில் முகம் சுளித்தாள். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தாள்.

படம் வந்தது. பெண் பிள்ளை. மொட்டைத் தலை. நெற்றியில் ஒரு கொசுக்கடி. யாரோ படம் எடுக்கிறார்கள் என்ற கோபத்தில் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கோபத்தைப் பார்த்ததுமே, இது என் பிள்ளைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே பிறந்த தேதி போட்டிருந்தது. முந்தின ஆனி மாதம். நான் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனை உளுந்துக்குள் புதைத்த அந்த ஐப்பசியில் இவள் பிறக்கவே இல்லை. வயிற்றிலும் இல்லை. நான் களைக்கொத்தோடு நின்று, ஏன் தரவில்லை ஏன் தரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தபோது, தருவதற்கு இவள் இந்த உலகத்தில் இல்லை.

சம்மதம் கொடுத்துவிட்டு வெளியே வந்து கடை வாசலில் ஒதுங்கி நின்றோம். ரோட்டில் தண்ணீர் ஆறாக ஓடியது. என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உளுந்து போச்சுட்டி" என்றார். நான் ஒன்றும் சொல்வதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பக்கத்தில் ஒதுங்கி நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் தலையிலிருந்து கால்வரை கரிசல் சேறாக உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் களத்துப் பெண்களைக் கூப்பிட்டுப் பாதியைக் காப்பாற்றியிருந்தார். மீதிப் பாதி நனைந்து கறுத்துப்போனது. "சரின்னு சொல்லியாச்சா?" என்றுதான் கேட்டார். படத்தைக் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்தார், சேலையும் சேறு. அதனால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மூக்கு போனில் படுகிற அளவுக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். "ஏ யப்பா, என்ன கோவம்!" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் அழுதார்.

பிள்ளையை வாங்கப் போன நாள் இன்றைக்கும் ஒவ்வொரு நிமிஷமாக எனக்கு ஞாபகம் இருக்கிறது. தெற்கே ஒரு ஊரில் பிள்ளையை வளர்த்த இல்லம் இருந்தது. மூன்று பேரும் போனோம். பிள்ளையை என் கையில் கொடுத்ததும் அது என் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. அங்கே பொறுப்பிலிருந்த அம்மா பால்பாட்டில், மருந்து, துணி எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

"குடுத்து வச்ச பிள்ளைம்மா. மொதல்ல வேற ஒரு வீட்டுக்குத்தான் இவ பேரு போச்சு. அவிய பதிலே சொல்லல. அதுக்கப்புறந்தான் ஒங்களுக்கு வந்தா."

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. போனு போட்டுப் பாத்தாங்களாம், கிடைக்கலையாம். என்ன கஷ்டமோ."

ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகும் அது என்னை விடவில்லை. மணியாச்சியில் ரயில் வெகுநேரம் நின்றது. ஆட்டம் நின்றதும் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதாள். மாமியார் அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தைக் காட்டி ஏதேதோ பேசினார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் எங்கேயோ ஒரு வீட்டில், ஒரு பெண் இப்போது செய்தியைப் பார்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். அவள் போன் தண்ணீரில் விழுந்ததோ, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ, ஆஸ்பத்திரியில் இருந்தாளோ. தேதி கடந்துபோயிருக்கும். அது ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. அவள் ஆண்டவரிடம் என்ன கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். அவள் இழந்த பிள்ளை என் மாமியார் தோளில் அழுதுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு வரை, எங்களுக்கு அடுத்து நின்று எங்கள் பிள்ளையைப் பெற்றுக்கொண்ட பெண்ணைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நானே அந்தப் பெண்ணாகிவிட்டேன். என் நன்றியும் யாரோ ஒருத்தியின் கண்ணீரும் ஒரே நாளில் வந்து நின்றன. ஆண்டவர் இதையெல்லாம் எப்படிச் சேர்த்து முடிச்சுப் போடுகிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் மாதிரி சாட்சி சொல்லவும் எனக்கு வராது. அவர் என்னை மறக்கவில்லை என்பது மட்டும் தெரியும். ஆகவே அவளையும் மறக்கமாட்டார்.

பிள்ளை கிடைத்தால் சபைக்கு அசனம் கொடுப்பதாக என் மாமியார் பொருத்தனை வைத்திருந்தார். ஊரையே உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது. ஆட்டுக்கறியும் சோறும் சாம்பாருமாகப் போட்டோம். அதற்கு முன் ஆராதனையில் ஐயர் எங்கள் வீட்டைக் கூப்பிட்டார். வழக்கமாக மாமியார்தானே எழுந்திருப்பார், அன்றைக்கு அவர் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். எனக்கு அங்கே நின்று பேசிப் பழக்கமில்லை.

"எங்க வீட்டுக்குப் பிள்ளை குடுத்ததுக்காக ஸ்தோத்திரம்" என்றேன். ஊரே ஆமென் சொன்னது. இந்தத் தடவை அந்தச் சத்தம் இறங்கவில்லை. "பேரு தெரியாத ஒரு வீடு இருக்கு. அவியளுக்கும் ஒரு பிள்ளை வேணும். அதுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க."

ஐயர் ஜெபம் பண்ணினார். நான் உட்கார்ந்ததும் மாமியார் என் காதோரம் குனிந்து, "யாருட்டி அவிய?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் மடியில் தூங்கும் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "அவியளுக்கு வருத வரைக்கும் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார்.

இப்போது என் மகள் ஒன்றாம் வகுப்புப் போகிறாள். என் மாமியார் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்கிறார். "மழைக்காகவும், அந்த வீட்டுப் பிள்ளைக்காகவும் ஜெபம் பண்ணிக்கோங்க" என்கிறார். எந்த வீடு என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால் பக்கத்திலிருப்பவர்கள் சொல்கிறார்கள். ஆமென் சொல்லும்போது எல்லோரையும் விட என் மகளின் சத்தம்தான் உரக்கக் கேட்கிறது.